தாரை வார்க்கும் கை

டாலிகஞ்ச், கல்கத்தா
சௌமிய வருஷம் ஆவணி 8 (1909)

அன்புள்ள அண்ணாவுக்கு நாகலக்ஷ்மி அநேக நமஸ்காரம். நீயும் மன்னியும் சௌக்கியமாக இருப்பதற்கு எழுதவும்.

இதை முதலில் நீ தனியாக வாசி. மன்னியிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். போன திங்கட்கிழமை ஆலையில் பாய்லர் வெடித்துவிட்டது. உன் மாப்பிள்ளைக்கு நல்ல காயம். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்காராமல் மேலே படி.

பாய்லர் என்பது ஆலை யந்திரங்களுக்கெல்லாம் நீராவி காய்ச்சிக் கொடுக்கிற இரும்பு அண்டா. நம் கோயில் மடப்பள்ளியையே அதற்குள் வைத்து மூடிவிடலாம். எரிந்த கரிக்குக் கணக்கு எழுத இவர் தினமும் காலையில் அங்கே போவார். அன்று ஒரு குழாய் பிளந்து அறை முழுக்க ஆவி அடித்துவிட்டது. கரி தள்ளுகிற பீகார்க்காரர்கள் இரண்டு பேர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். இவர் கதவண்டை நின்றதால் பிழைத்தார். வலது கையை முகத்துக்குக் குறுக்கே தூக்கியிருக்கிறார். கண் தப்பியது, கை மாட்டிக்கொண்டது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்திருக்கிறது. இடது காது கேட்கவில்லை, கத்தித்தான் பேச வேண்டும். புருஷனிடம் கத்திப் பேச எனக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சான்யால் என்று ஒரு வங்காளி டாக்டர் பார்க்கிறார். எங்கள் வீட்டுக்கார அம்மாள் எனக்குத் துணையாக டிராமில் வருகிறாள். இங்கே சித்தி முறைக்கு மாஷிமா என்பார்கள், நானும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

மாமியாருக்குத் தனியாக எழுதிவிட்டேன். ஆலையில் வேலை அதிகம், நாத்தனார் விஜயாவுக்கு வந்திருக்கிற வரன் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் எழுதினேன். விபத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. மாமனார் போனதிலிருந்து அவர் நெஞ்சு எதையும் தாங்குவதில்லை. நீயும் அவர் காதில் போடாதே.

இப்படிக்கு,
நாகலக்ஷ்மி

*

மாயவரம்
ஆவணி 17

சிரஞ்சீவி சௌபாக்கியவதி நாகலக்ஷ்மிக்கு ராஜாராமன் ஆசீர்வாதம். மாப்பிள்ளையின் சௌக்கியத்துக்கு உடனே எழுதவும்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று கோர்ட்டுக்கே போகவில்லை. புறப்பட்டு வரலாமென்றால் முன்சீப் லீவு தரமாட்டேன் என்கிறார். மாப்பிள்ளைக்கு ஆகாரம் என்ன, ஜுரம் உண்டா, கை எப்போது சரியாகும், எல்லாவற்றையும் எழுது.

இன்னொன்று சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் கும்பகோணம் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் இங்கே காரியம் நடந்துவிட்டது. உன் மாமியாருக்கு நீ எழுதிய கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் இருந்ததாம். மூலையில் மஞ்சள் தடவி வந்தால் மங்கள சமாசாரம் என்று ஊரில் யாருக்குத்தான் தெரியாது? பிள்ளை சம்மதம் தந்துவிட்டான் என்று அந்த அம்மாள் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்வாமி அலமாரியில் வைத்துவிட்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் படிக்கவே விடவில்லையாம். வெள்ளிக்கிழமையே திருவிடைமருதூர் வெங்கடசுப்ரமணிய ஐயர் வீட்டோடு தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. தை மாதம் முகூர்த்தம்.

சம்மதமில்லையென்றால் ஏனடி மஞ்சள் தடவினாய்? இனிமேல் கல்யாணம் நின்றால் விஜயாவை யார் கேட்டு வருவார்கள்? அப்பா ஸ்தானத்தில் உட்கார்ந்து அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளையைத் தவிர வேறு ஆண்பிள்ளையும் இல்லை.

ஆசீர்வாதம்.
ராஜாராமன்

*

டாலிகஞ்ச்
ஆவணி 27

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். இவருக்கு ஜுரம் இறங்கியிருக்கிறது. அங்கே எல்லோரும் க்ஷேமம்தானே?

நான் மஞ்சள் தடவவில்லை. அது இவர் கைக்குப் போடுகிற மருந்து. பிக்ரிக் என்று பெயர். துணியை அதில் நனைத்து வெந்த இடத்தில் சுற்றுகிறார்கள். தொட்டதெல்லாம் மஞ்சளாகிறது. என் விரல்கள், நகம், புடவைத் தலைப்பு, தண்ணீர்ச் செம்பு எல்லாம் மஞ்சள். சோப்புப் போட்டாலும் போவதில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்துக்கொடுத்துவிட்டு வந்த கையோடு மாமியாருக்கு எழுத உட்கார்ந்தேன். மை காய நாலு பக்கமும் பிடித்திருப்பேன். அவ்வளவுதான் நான் செய்த மங்களம். எழுதினதைப் படிக்காமல் மூலையைப் பார்த்துக் கல்யாணம் நிச்சயம் பண்ணுவார்கள் என்று நான் கனவா கண்டேன்?

இவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் சமையலைத் தொடமாட்டேன் என்று பாலைக் குடித்துக்கொண்டு கிடந்தார். இப்படிக் கிடந்தால் புண் ஆறாது, வீட்டிலேயே வைத்துக்கொள் என்று டாக்டரே அனுப்பிவிட்டார். கட்டுக் கட்டுவது இப்போது என் வேலை. காய்ச்சி ஆறின தண்ணீரில் பழைய துணியை ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், இழுத்தால் சதை கூடவே வரும். விரல்களைச் சேர்த்துக் கட்டினால் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடுமாம், தனித்தனியாகச் சுற்ற வேண்டும். தூக்கத்தில் விரல் மடங்குகிறது. மடங்கினபடியே ஆறிவிட்டால் அப்புறம் கை விரியாது. பலகையில் வைத்துக் கட்டுகிறேன், அவர் வலி தாங்காமல் அவிழ்க்கச் சொல்கிறார், நான் அவிழ்ப்பதில்லை.

தாம்பூலம் மாற்றின சேதியை இவர் காதில் கத்திச் சொன்னேன். கையைப் பார்த்துக்கொண்டே, "நிறுத்த வேண்டாம். விஜயா கையை நான்தான் பிடிச்சுக் கொடுப்பேன்" என்றார். தைக்குள் கை விரியுமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் பெட்டியை மூடினார்.

நாகலக்ஷ்மி

*

மாயவரம்
புரட்டாசி 10

சிரஞ்சீவி நாகலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம். மாப்பிள்ளை ராத்திரி தூங்குகிறாரா, சாதம் இறங்குகிறதா?

வெங்கடசுப்ரமணிய ஐயர் நேற்று கோர்ட்டுக்கே வந்துவிட்டார். கெட்டிக்காரர், சிரித்துக்கொண்டே குடைகிறார். கன்னிகாதானம் பண்ணப்போகிற மூத்த பிள்ளை சம்பந்திக்கு ஒரு வரி எழுதக்கூடாதா, வருகிற கடுதாசியெல்லாம் பெண் எழுத்தாகவே இருக்கிறதே என்று கேட்டார். எனக்கு வாய் குழறிவிட்டது. விரலில் நகச்சுற்று, பேனா பிடிக்க முடியவில்லை என்று சொன்னேன். நகச்சுற்று எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டார். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, நாகு. தினமும் பொய்ச்சாட்சிகளைப் பார்க்கிறேன், அவர்களெல்லாம் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்.

தீபாவளிக்குள் மாப்பிள்ளை கையால் ஒரு கடிதம் வேண்டுமாம். கையெழுத்தாவது போடச்சொல்.

ராஜாராமன்

*

டாலிகஞ்ச்
புரட்டாசி 30

அண்ணாவுக்கு நமஸ்காரம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். அங்கே மழை உண்டா?

கையெழுத்துக்கு இப்போது வழியில்லை. முழங்கைப் பக்கம் ஆறிவிட்டது. மணிக்கட்டிலிருந்து புறங்கையும் விரல்களும் இன்னும் பச்சைப் புண்ணாகவே இருக்கின்றன. புண்ணின் ஓரத்திலிருந்து தோல் நகர்ந்து வந்து மூட வேண்டுமாம். அது வருவதாகக் காணோம். விட்டுவிட்டால் கை சுருங்கிப்போகும், சீழ் உள்ளே இறங்கினால் கையையே எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதுத் தோல் வைத்தாக வேண்டும். அவர் உடம்பிலிருந்தே எடுக்கலாமென்றால் ஜுரத்தில் எலும்பாகக் கிடக்கிறார், இன்னொரு புண்ணைத் தாங்கமாட்டார். வேறு மனுஷர் தோலையும் வைப்பதுண்டாம். சில பேருக்குப் பிடித்துக்கொள்கிறது, சில பேருக்கு இல்லை.

வைத்தாகிவிட்டது. ஊரெல்லாம் துர்கா பூஜைக் கொட்டுச் சத்தம். இவருக்கு அது பாதிதான் கேட்டது. தோல் கொடுக்க ஒருவர் கிடைத்தார். டாக்டர் மெல்லிசாகச் சீவி எடுத்து, வெற்றிலை மாதிரி பரத்தி வைத்தார். பிடித்துக்கொண்டதா என்பது கட்டைப் பிரித்தால்தான் தெரியும்.

இரண்டு மூன்று நாளாக எனக்கு உட்கார்ந்து எழுத முடியவில்லை. வேறொன்றுமில்லை. நான் சௌக்கியம்.

நாகலக்ஷ்மி

*

மாயவரம்
ஐப்பசி 9

சிரஞ்சீவி நாகலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம். கட்டைப் பிரித்தார்களா? மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கிறது?

தோல் கொடுத்தது யார்? எந்த ஜாதி, என்ன மனுஷன் என்று ஒன்றும் எழுதவில்லையே. உன் மன்னி இரண்டு நாளாக இதையேதான் கேட்கிறாள். அந்தக் கையால்தானே ஹோமமும் தாரையும் நடக்க வேண்டும்?

இங்கே குட்டு உடைந்துவிட்டது. கல்கத்தாவில் ஏதோ கம்பெனியில் இருக்கிற பாலசுப்ரமணியன் தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன், ஆலையில் பாய்லர் வெடித்த கதையைத் திருவிடைமருதூரில் போய்ச் சொல்லியிருக்கிறான். ஐயர் காதுக்கு எட்டிவிட்டது. உன் மாமியாருக்கும் தெரிந்துவிட்டது. படுத்த படுக்கையாக இருக்கிறார். அங்கஹீனன் கையால் கன்னிகாதானம் வாங்கமாட்டோம், மறைத்த இடத்தில் சம்பந்தம் எதற்கு, தாம்பூலத்தைத் திருப்பி அனுப்புகிறோம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். நாளைக்கு நான் போய்ப் பேச வேண்டும். அதற்குள் உன் பதில் வராது என்று தெரியும். இரண்டு வாரம் தவணை கேட்கப் போகிறேன், கோர்ட்டில் கேட்கிற மாதிரி. உண்மையை எழுது.

ராஜாராமன்

*

டாலிகஞ்ச்
ஐப்பசி 16

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

தோல் கொடுத்தது நான்தான். துடையிலிருந்து எடுத்தார்கள். நர்ஸ் ஒருத்தி துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஷிமா என் தலைமாட்டில் ராமநாமம் மாதிரி ஏதோ வங்காளியில் சொல்லிக்கொண்டிருந்தாள். மன்னிக்கு ஜாதி தெரிந்துவிட்டதல்லவா, இனிமேல் நிம்மதியாகச் சாப்பிடச் சொல்.

கட்டைப் பிரித்தபோது பிடித்துக்கொண்டிருந்தது. ரோஜா நிறமாக, ஈரமாக, உயிரோடு இருந்தது. டாக்டர் சான்யால் சின்னப் பையன் மாதிரி ஆஸ்பத்திரிப் பெரிய துரையை ஓடிப்போய் அழைத்துவந்து காட்டினார். இவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் காலைத் தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். கேட்காமல் எப்படிச் செய்தாய் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் இன்னும் சரியாகப் பேசவில்லை.

இதை நீ யாரிடமும் சொல்லக்கூடாது. பெண்பிள்ளை ஆஸ்பத்திரி மேஜையில் படுத்துத் துடையைக் காட்டினாள் என்று ஊர் பேசும். கை பிழைத்துவிடும் என்று மட்டும் சொல்லு.

நாகலக்ஷ்மி

*

மாயவரம்
கார்த்திகை 2

சௌபாக்கியவதி நாகலக்ஷ்மிக்கு அனந்தகோடி ஆசீர்வாதம். மாப்பிள்ளை விரலை மடக்கி நீட்டுகிறாரா?

நீ கோபித்துக்கொண்டாலும் சரி, நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் முடியவில்லை. ஐயர் வீட்டுக் கூடத்தில் நம் தாம்பூலத் தட்டை எடுத்துவைத்துவிட்டார்கள். உன் மாமியார் படுக்கையிலிருந்து எழுந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விஜயா வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கை பிழைத்துவிடும் என்றேன், ஐயர் சிரித்தார். அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. "அது வெறும் கையில்லை. என் தங்கை தன் தோலைப் பிச்சுக் கொடுத்த கை" என்றேன். ஐயர் எழுந்து நின்றுவிட்டார். அவர் சம்சாரம் மறைவிலிருந்து வெளியே வந்து, அந்தக் கையால் தாரை வாங்க எங்கள் பிள்ளை கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள். தட்டு திரும்பவும் உள்ளே போய்விட்டது.

இப்போது இங்கே உன் பேச்சுத்தான். கல்யாணத்துக்கு வரும்போது உன்னை நமஸ்காரம் பண்ணவும் மாப்பிள்ளை கையைப் பார்க்கவும் தெருவே காத்திருக்கிறது. நம் குடும்பத்துக்கு இப்படி ஒரு கௌரவம் வந்ததேயில்லை. எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

ராஜாராமன்

*

டாலிகஞ்ச்
கார்த்திகை 25

அண்ணாவுக்கு நமஸ்காரம். எல்லோரும் க்ஷேமம் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தோல் விழுந்துவிட்டது.

மூன்றாவது வாரத்தில் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. நான் மருந்தை மாற்றிப் பார்த்தேன், காற்றுப் படாமல் மூடிப் பார்த்தேன். ஒரு நாள் துணியை நனைத்து எடுக்கும்போது முழுவதும் துணியோடு வந்துவிட்டது. கீழே பழையபடி புண். சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். அடுத்தவர் தோல் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது, ஏனென்று யாருக்கும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் அந்தத் துணியை மாஷிமா வீட்டுக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இவருக்கு இப்போது கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. அதனால் குளோரோபாரம் கொடுத்து இவர் துடையிலிருந்தே எடுத்து வைத்தார்கள். முதலில் வேண்டாமென்றார். முகூர்த்தத்தை ஞாபகப்படுத்தினேன், சம்மதித்தார். இது நிற்கும் என்று டாக்டருக்கு நம்பிக்கை. நான் இனி எதையும் நம்புவதாக இல்லை.

யாரிடமும் சொல்லாதே என்றுதானே உனக்கு எழுதினேன்? இல்லாத தோலை வைத்து நீ ஒரு கல்யாணத்தைக் கட்டியிருக்கிறாய். நான் அங்கே வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் எதைக் காட்டுவேன்? தெரிந்தால் இரண்டாவது தடவையும் மறைத்தார்கள் என்று பந்தலிலிருந்தே எழுந்து போவார்கள். அப்புறம் விஜயாவின் கதி என்ன?

நாகலக்ஷ்மி

*

மாயவரம்
மார்கழி 12

சிரஞ்சீவி நாகலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு இந்தத் தடவையாவது பிடித்துக்கொண்டதா?

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் யாரிடமும் சொல்லவில்லை, மன்னியிடம் கூட. நீயும் சொல்லாதே. கை விரிந்தால் போதும். அது யார் தோல் என்று பார்த்தால் தெரியப்போகிறதா? மாங்கல்யம் ஏறுகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு. இது அண்ணாவின் கட்டளை என்று வைத்துக்கொள். ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புகிறேன்.

ராஜாராமன்

*

டாலிகஞ்ச்
மாசி 14

அன்புள்ள அண்ணாவுக்கு நாகலக்ஷ்மி நமஸ்காரம். சௌகரியமாக வந்து சேர்ந்தோம். இவர் ஆலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார், இடது கையால் எழுதுகிறார். குழந்தைகள் எழுத்து மாதிரி இருக்கிறது, ஆனால் அவருடைய எழுத்து. மன்னி கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல் மாஷிமாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

தாரை வார்க்கும்போது நான் ஏன் அப்படி அழுதேன் என்று ஸ்டேஷனில் கேட்டாய். விஜயா போகிறாளே என்றுதானே என்றாய். நானும் தலையை ஆட்டிவிட்டு ரயிலேறிவிட்டேன். விஜயாவுக்காக அழவில்லை.

அன்று காலை உள்ளறையில் என் மாமியார் இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் மாட்டுப்பெண் தோல், என் மாட்டுப்பெண் தோல் என்று சொல்லிச் சொல்லி ஒற்றிக்கொண்டார். வாசற்படியில் சம்பந்தி அம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் தன் உடம்பை அறுத்துக் கொடுத்திருக்கிறார், பெயர் எனக்கு. உன் கட்டளை ஞாபகம் இருந்தது. இருந்தும் சொல்லிவிட்டேன். "அம்மா, அது என் தோல் இல்லை. என்னோடது நிக்கலை, விழுந்துடுத்து. இது அவரோடதேதான்" என்றேன்.

சம்பந்தி அம்மாள் திரும்பிப் பந்தல் பக்கம் போய்விட்டாள். எல்லாம் போயிற்று, என் வாயால் விஜயாவைக் கெடுத்தேன் என்று நினைத்தேன். மாமியார் இவரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று நின்றேன். "எங்கே, காட்டு" என்றார்.

புடவையை ஒதுக்கிக் காட்டினேன். இன்னும் சிவந்து, தடித்துத்தான் இருக்கிறது, பார்க்க நன்றாக இருக்காது. அவர் தரையில் உட்கார்ந்து, தொடாமல் ரொம்ப நேரம் பார்த்தார். "விழுந்துடுத்துன்னா, உனக்கு வலிச்சது இல்லேன்னு ஆயிடுமாடி?" என்று கேட்டார். அப்புறம், "ரொம்ப வலிச்சுதா?" என்றார்.

கதவு தட்டினது சம்பந்தி அம்மாள்தான். அவள் புருஷனிடம் சொன்னாளா சொல்லவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "நாழியாறது, தாரைக்கு ஜலம் வார்க்க வாம்மா" என்று என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். மீதியை நீ பார்த்தாய். இவர் விஜயாவின் கையைப் பிடித்துக் கொடுத்தார், நான் ஜலத்தை விட்டேன். சுண்டுவிரல் இல்லாத இடத்தில் கொஞ்சம் சிந்தியது.

அதனால்தான் அழுதேன், அண்ணா. மாமியார் கேட்கிற வரைக்கும் இந்த ஆறு மாதத்தில் நம் மனுஷாளில் ஒருவர்கூட எனக்கு வலித்ததா என்று கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. நானே சௌக்கியம் சௌக்கியம் என்று எழுதிக்கொண்டிருந்தால் நீ என்ன செய்வாய், உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சொல்லிவிடுகிறேன். ரொம்ப வலித்தது.

மன்னிக்கு என் நமஸ்காரம். பதில் போடு.

உன் தங்கை,
நாகு